நூதனசாலைக்கு முன் துறைமுகத்தைப் பாருங்கள்

வவுனியாவிலிருந்து 12, 9 வயதுடைய இரண்டு பிள்ளைகளுடன் இரண்டு நாள் பயணமாகத் திருகோணமலைக்கு வரவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உள்துறைமுக வீதியில் உள்ள கடல்சார் வரலாற்று நூதனசாலைக்கு நேரம் ஒதுக்குவது தகுமா, பிள்ளைகள் சலிப்படைவார்களா, எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பவை உங்கள் கேள்விகள். கட்டாயம் போங்கள் என்பதே என் பதில். ஆனால் பேருந்தால் இறங்கியதும் நேரே அங்கே போகாதீர்கள். முதலில் கோணேசர் மலையில் ஏறி, கடலையும் துறைமுகத்தையும் கண்ணால் அளந்துகொண்டு, அதன்பின் நூதனசாலைக்குள் நுழையுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்நகரில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். முதன்முதலாக மாணவரை அழைத்துச் சென்றபோது நேரே நூதனசாலைக்குத்தான் கூட்டிச் சென்றேன். பிள்ளைகள் ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஓரிரு விநாடி நின்றார்கள், குறிப்பேட்டில் ஆண்டுகளை எழுதிக்கொண்டார்கள், வெளியே வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் ஆகிய அனைவரும் இந்தச் சிறு ஊருக்காக ஏன் அடிபட்டார்கள் என்று நான் கேட்டதற்கு எவரிடமும் பதில் இருக்கவில்லை. அந்தப் பதில் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. துறைமுகத்தின் வடிவத்திலும் இக்கரையில் வீசும் காற்றுகளிலும் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஒழுங்கை மாற்றினேன். அதே வயதுப் பிள்ளைகள் ஒரு பழைய வரைபடத்தைச் சுற்றி நின்று, எந்தக் கப்பல் எந்தப் பக்கத்தால் வந்திருக்கும் என்று வாதாடியதைக் கண்டேன்.

ஆகவே முதல் நாள் காலை, வெயில் ஏறுமுன் முற்றவெளியைக் கடந்து பிரட்றிக் கோட்டை வாசலுக்குச் செல்லுங்கள். வாசலைத் தாண்டுமுன் அதன் பக்கச் சுவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே இரட்டைக் கயல் செதுக்கிய கல்லையும் தமிழ் எழுத்துப் பொறித்த கல்லையும் காணலாம். ஓர் ஐரோப்பியக் கோட்டையின் வாசலில் கயலும் தமிழும் எப்படி வந்தன என்ற கேள்வியை அவர்களிடமே விடுங்கள். 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, மலைமேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இங்கு கோட்டை எழுப்பினான். அந்தக் கல்வெட்டு, முன்னே குளக்கோட்டன் (பழைய மன்னன்) மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று தொடங்கி, இனி யார் யார் ஆள்வர் என்பதை முன்கூட்டியே சொல்வதாக ஊரார் நெடுங்காலமாகப் பொருள் கொண்டு வந்திருக்கிறார்கள். பாடலின் சொற்கள் வாய்மொழியில் பலவாறு வழங்குகின்றன, கல்லும் தேய்ந்திருக்கிறது. ஆயினும் இடிக்கப்பட்ட கோயிலின் நினைவு, இடித்தவர் கட்டிய சுவரிலேயே நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்நகர் வரலாற்றின் முதல் காட்சிப்பொருள் இந்த வாசல்தான். இதைப் பார்க்க நுழைவுச்சீட்டும் தேவையில்லை.

உள்ளே வழியெங்கும் மான்கள் நிற்கும். சின்னவர் அவற்றோடு சிறிது நேரம் நிற்கட்டும். கோட்டைக்குள் இருக்கும் வெலிங்டன் இல்லம், பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டையொட்டி இங்கு தங்கியதை நினைவூட்டுவது. கோட்டையின் இப்போதைய பெயர் 1803இல் யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயரால் இடப்பட்டது. இவற்றுக்கு மேல் அங்கே நிற்க வேண்டியதில்லை.

மலை உச்சியில் கோயிலை வணங்கிவிட்டு இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் பக்கம் வந்து நில்லுங்கள். கீழே நேர்செங்குத்தாகக் கடல் இருக்கும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணமாமலை இதுவே. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறையின் அடியில் கடலுள் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அதற்கு முன்பே, 1950இல் நகரில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன; அழிவுக்கு அஞ்சி அடியார்கள் புதைத்து வைத்தவை என்றே அவற்றைக் கருதுகிறோம். கோயில் மீளக் கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்கு நடந்தது. இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது நல்லது. வேறோர் ஊரில் கண்டெடுக்கப்பட்டிருந்தால் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கக்கூடிய திருமேனிகள், இங்கே மாலையும் தீபமும் ஏற்று மறுபடியும் வழிபாட்டுக்கு வந்தன. நூதனசாலையில் இந்நகரின் மிகப் பழைய செல்வங்கள் ஏன் குறைவாகத் தெரிகின்றன என்பதற்கு இது ஒரு காரணம்.

மலையில் ஒல்லாந்த மொழி பொறித்த ஒரு தூணைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் அது பிரான்சினா வான் றீட் என்ற பெண்ணின் நினைவாக நிறுத்தப்பட்டது. காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு அவள் இம்மலையிலிருந்து குதித்து இறந்தாள் என்பது நெடுநாள் கதை. ஆனால் அவர் அதற்குப் பின்னரும் வாழ்ந்து மணம் புரிந்தார் என்பதை ஒல்லாந்தர் பதிவுகள் காட்டுகின்றன. கதையைச் சொல்லுங்கள், பதிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்ட கதைக்கும் எழுதிவைத்த சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை 12 வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்நகரில் இல்லை.

இனி, மலையிலிருந்து துறைமுகத்தைப் பார்ப்பதற்கு வருவோம். உங்கள் கேள்விக்கான உண்மையான விடை இங்கேதான் தொடங்குகிறது. நகரம் ஒரு கழுத்துப்போன்ற நிலத்தில் அமைந்திருக்கிறது. கிழக்கே கோட்டை மலை கடலுக்குள் நீண்டு, அதன் இருபுறமும் திறந்த குடாக்கள் கிடக்கின்றன. அவை அழகானவை, ஆனால் காற்றுக்கு மறைப்பற்றவை. மேற்கே, மேடுகளுக்கு அப்பால், நிலம் வளைந்து வளைந்து கைகோத்து அணைத்த நீர்ப்பரப்பு ஒன்று உண்டு, அதுவே உள்துறைமுகம். அதன் வாய் ஒடுக்கமானது, ஆழம் மிக்கது, சுற்றிலும் குன்றுகள். தெற்கே விரியும் கொட்டியாரக் குடாவின் அடியில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகே வரை வருவதால், பெரிய கப்பல்களும் தரைதட்டும் அச்சமின்றி உள்ளே வரலாம். ஒரு தாளில் இந்தக் கழுத்து நிலத்தையும் இரு குடாக்களையும் உள்துறைமுகத்தையும் பிள்ளைகளைக் கொண்டே கீறச் சொல்லுங்கள். அந்தத் தாள் பின்னர் நூதனசாலையில் தேவைப்படும்.

அடுத்ததாகக் காற்று. நம் கடற்றொழிலாளர் வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டு வைத்திருப்பது வெறும் சொல்வளம் அன்று. எந்த மாதத்தில் எந்தக் கரையில் வள்ளம் இறக்கலாம் என்பதை அப்பெயர்கள் தீர்மானிக்கின்றன. ஐப்பசி தொடங்கி வாடை எழும்போது சோழமண்டலக் கரை முழுவதும் கொந்தளிக்கும். அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளை வெட்டிப் பொருளையும் ஆளையும் கரைசேர்த்தன. பாய்மரப் போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளுடன் அந்த மாதங்களில் அங்கே நிற்க இயலாது. பாய்மரம் முறிந்தாலோ அடிப்பலகை சிதைந்தாலோ பழுதுபார்க்க மறைப்பான இடம் வேண்டும். வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் அத்தகைய இயற்கைத் துறை வேறு இல்லாத நிலையில், பம்பாய் வரை சுற்றிப் போகாமல் கிடைக்கக்கூடிய புகலிடம் திருகோணமலை ஒன்றே. எனவே இத்துறையைப் பிடிக்க வந்தவர்களில் பலருடைய கண் இலங்கையின் மேல் மட்டுமல்ல, எதிர்க்கரையான இந்தியாவின் மேலும் இருந்தது. இந்த ஒரு காரணத்தை மனத்தில் பதித்துக்கொண்டால், நூதனசாலையில் வரும் ஆண்டுகள் எல்லாம் தாமாக ஒழுங்குபடும்.

உதாரணத்துக்கு 1782ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்ல உகந்த கதை அது. அந்த ஆண்டு தை மாதத்தில் தளபதி எட்வேர்ட் ஹியூஸின் பிரித்தானியப் படை ஒல்லாந்தரிடமிருந்து இத்துறையைப் பறித்தது. ஆவணி முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்றன் திடீரென வந்து கோட்டைகளைக் கைப்பற்றினார். துறையைக் காக்க விரைந்து வந்த ஹியூஸ் கண்டது, கோட்டைகளின் மேல் பறந்த பிரெஞ்சுக் கொடியை. செப்டெம்பர் 3ஆம் திகதி இரு படைகளும் துறைக்கு வெளியே கடலில் மோதின. யாரும் முற்றாக வெல்லவில்லை. ஆனால் துறை பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது, வாடைக்காலமும் நெருங்கியது. ஒதுங்க இடமில்லாத ஹியூஸ் தன் கப்பல்களைப் பழுதுபார்க்கப் பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று. சமாதான உடன்படிக்கைக்குப் பின் இடம் மறுபடியும் ஒல்லாந்தருக்கே சென்றது. 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் திரும்பி வந்து, இம்முறை நிலைத்துவிட்டார்கள். அந்தக் கடற்போரின் நினைவாகத் ‘திருகோணமலை’ என்று பெயரிடப்பட்ட ஒரு போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கும் நூதனசாலையாக நிற்கிறது. நம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பல் உலகின் மறுகோடியில் பாதுகாக்கப்படுவதைக் கேட்டதும் மாணவர்களின் முகம் மலர்வதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது நூதனசாலைக்கு வாருங்கள். முற்பகல் பத்து, பத்தரை அளவில் முச்சக்கரவண்டியில் உள்துறைமுக வீதிக்கு வந்தால் வெயிலிலிருந்து நிழலுக்கு வந்த நிம்மதியும் கிடைக்கும். அரச விடுமுறை நாட்களில் மூடியிருக்கலாம் என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் இல்லமாக இருந்த மாடிக் கட்டடத்தைத் தொல்பொருள் திணைக்களம் நெதர்லாந்து அரசின் உதவியுடன் சீர்செய்து நூதனசாலையாக்கியது. எனவே உள்ளே போவதற்கு முன் வீட்டையே பாருங்கள். அகன்ற விறாந்தை, உயர்ந்த தூண்கள், தடித்த சுவர்கள் ஆகியவை வெக்கையை வெளியே நிறுத்துவதற்காக அமைந்தவை. விறாந்தையில் நின்று, இந்த அதிகாரி ஏன் கோட்டைக்குள் இருக்காமல் உள்துறைமுகத்தின் ஓரத்தில் குடியிருந்தார் என்று கேளுங்கள். காலையில் கீறிய தாளைப் பார்த்தால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்: கோட்டை எதிரியைப் பார்க்கும் இடம், இந்த வீடு கப்பல்களைப் பார்க்கும் இடம்.

உள்ளே எல்லாப் பெட்டிகளையும் பார்க்க முயலாதீர்கள். ஒன்றரை மணி நேரம் போதும். இளையவர் களைத்தால் அதற்கும் குறைவாகவே நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த மூன்று பொருள்களை மட்டும் தெரிவு செய்து, அது எதனால் ஆனது, யாருடைய கையில் இருந்தது, எப்படி இங்கு வந்தது என்ற மூன்றையும் எழுதட்டும். விளக்கப் பலகையை முதலில் வாசிக்க விடாதீர்கள். பொருளை ஒரு நிமிடம் பார்த்த பின்பே பலகை. வரைபடங்களின் முன் மட்டும் எல்லோரும் சேர்ந்து நின்று, உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நூதனசாலைக்குள் நிற்கும்போது ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். கடற்படை வரலாறு சொல்லும் எந்த இடத்திலும் தளபதிகளும் கப்பல்களும் பீரங்கிகளுமே முன்னே நிற்பார்கள். அந்தக் கப்பல்களுக்குக் குடிநீரும் விறகும் சுமந்தவர், பாய் தைத்தவர், கப்பற்பட்டறையில் கூலிக்கு நின்றவர், கொட்டியாரத்திலிருந்து நெல் அனுப்பியவர், கிண்ணியாவிலும் மூதூரிலும் தோணி வலித்தவர் ஆகியோருடைய பொருள்கள் கண்ணாடிக்குள் வருவது அரிது. அவர்களுடைய கருவிகள் தேய்ந்து போயின, பெயர்கள் எழுதப்படவில்லை. இது இந்த ஒரு நூதனசாலையின் குறையன்று. ஆனால் நம் பிள்ளைகள், தம் முன்னோர் இவ்வரலாற்றில் இருக்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் கோட்டை வாசலின் தமிழ்க் கல்லை முதலில் காட்டச் சொன்னேன். இன்னொன்றும் சொல்லுங்கள்: நிலாவெளியில் கிடைத்த சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டு, கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் கொடையாக விடப்பட்டதைக் கூறுகிறது. ஐரோப்பியக் கப்பல் எதுவும் இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நிலத்தை அளந்து, எல்லை குறித்து, கல்லில் எழுதிய சமூகம் இங்கே வாழ்ந்தது என்பதற்கு அதுவே சான்று. நகருக்கு வடமேற்கே பெரியகுளம் பக்கத்தில் வெல்கம் விகாரையில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று அழைக்கப்பட்ட பௌத்தப் பள்ளி அது. தமிழில் எழுதித் தானம் செய்த பௌத்த அடியவர்கள் இருந்தார்கள் என்பது பல பெரியவர்களுக்கே புதிய செய்தியாக இருக்கும். இரண்டாம் நாள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவீர்களாயின் சிறிது கூடுதல் நேரம் எடுத்து அங்கும் போய்வரலாம்.

கப்பற்பட்டறைக்குள் உள்ள ஹூட் கோபுர நூதனசாலையைப் பற்றியும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். பிரித்தானியக் கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய சாமுவேல் ஹூட்டின் பெயரைக் கொண்ட அந்தக் கோபுரம், உள்துறைமுகத்தின் வாயைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டை மேட்டில் இருக்கிறது. அது கடற்படைத்தள எல்லைக்குள் உள்ளதால் அனுமதி பெற்றே செல்ல முடியும். பெரியவர்களின் தேசிய அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். பீரங்கிகளில் ஆர்வமுள்ள பிள்ளையாயின் முயன்று பாருங்கள். இல்லையேல் அதைத் தவிர்ப்பதால் பெரிய இழப்பில்லை.

இரண்டாம் உலகப்போரைப் பற்றி மூத்தவர் கட்டாயம் கேட்பார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் இந்நகரையும் துறையையும் சீனக்குடாவையும் தாக்கின. தாக்குதல் வரும் என்று அறிந்து முந்திய இரவே துறையை விட்டு வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல், அன்று மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். துறைக்குள் நின்ற ‘சகேங்’ என்ற கப்பல் தீப்பற்றியது; அதன் உடலைப் பின்னர் அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினர். ஏறக்குறைய 75 ஆண்டுகள் நீருக்குள் கிடந்த அக்கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படையினர் மிதக்க வைத்தனர். சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பற்றிய ஒப்பந்தச் செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடற்படைத்தளத்தைப் பிரித்தானியர் கையளித்தது 1957இல்தான், அதாவது சுதந்திரம் கிடைத்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின். இத்துறையின் பெறுமதியை உணர்த்த அந்த ஒன்பது ஆண்டுகளே போதும்.

இரண்டாம் நாளை இவ்வாறு அமைக்கலாம். காலையில் நிலாவெளி வீதியில் உள்ள பொதுநலவாயப் போர் மயானத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். கல்லறைகளில் உள்ள வயதுகளை மூத்தவர் வாசிக்கட்டும். இருபது, இருபத்திரண்டு என்று வரும். சத்தம் போடாமல் நடக்க வேண்டிய இடம் என்பதை இளையவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கிருந்து திரும்பிக் கன்னியாவின் ஏழு கிணறுகளையும் வெல்கம் விகாரையையும் பார்க்கலாம். பின்னேரம் நேரமிருந்தால் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூருக்குச் செல்லுங்கள். 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் திருத்தத்துக்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்ததும், அடுத்த ஆண்டு அதன் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் கண்டியரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டதும் அந்தக் கரையில்தான். மகன் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து 1679இல் தப்பினார். முறிந்த பாய்மரத்தைச் சீராக்க ஒதுங்கிய கப்பல் என்பதைக் கேட்டதும், முதல் நாள் மலையில் சொன்ன காற்றுக்கதை பிள்ளைகளுக்குத் திரும்ப நினைவுக்கு வரும்.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பென்சில், கோடில்லாத தாள் நாலைந்து ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை கடல் அமைதியாக இருக்கும். பயணத்துக்கு அதுவே ஏற்ற காலம். ஆயினும் உங்களால் மார்கழியில்தான் வரமுடியும் என்றால் தயங்காமல் வாருங்கள். மழை விட்ட ஒரு காலையில் மலைமேல் நின்று, கிழக்கே வாடையில் கொந்தளிக்கும் கடலையும், மேற்கே அதே நேரத்தில் அசையாமல் கிடக்கும் உள்துறைமுகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அப்படியே நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள்.